கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்ப மாட்டேங்குது, நேர் ரோட்டுல அலையுது: உதவி பண்ணுங்க

மலையேறி:
வணக்கம்ங்க. வண்டி 300 சிசி ட்வின், ஃபுல் ஃபேரிங், 31,000 கிமீ ஓடிருச்சு, நான் செகண்ட் ஓனர். மாசம் ஒருக்கா கொல்லிமலை போயிருவேன், அந்த 70 வளைவும் எனக்கு அத்துப்படி, ஆனா ரெண்டு மாசமா வண்டி என் பேச்சையே கேக்க மாட்டேங்குது. ஹேண்டிலைத் தள்ளித் தள்ளி படுக்க வைக்க வேண்டியிருக்கு, அப்படியே படுத்தாலும் பாதி வளைவுல வெளிய இழுத்துட்டு எதிர் லேனுக்குப் போகுது. போன வாரம் அப்படிப் போனப்ப எதிர்ல பஸ்ஸு, டிரைவர் என்னைத் திட்டுனது இன்னும் காதுல கேக்குது. இதுபோக நேர் ரோட்டுல 30, 40-ல போனா தண்ணி போட்டவன் மாதிரி இடது வலதுன்னு அலையுது, 80-க்கு மேல அவ்வளவா தெரியல.

ரெண்டு மாசம் முன்னாடி பிரேக் புடிச்சா முன்னாடி டக் டக்னு சத்தம் வந்துச்சு, லோக்கல் மெக்கானிக் கோன் செட்ட (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) டைட் பண்ணுனாரு, சத்தம் போச்சு. அதே வாரம் பின் டயரும் மாத்துனேன், 140/70 சைஸுக்கு பதிலா 150/60, பின்னாடி பாக்க கெத்தா இருக்கும்ல. நான் 86 கிலோ. ஸ்டியரிங் டேம்பர் போட்டா எல்லாம் சரியாகும்னு ஃப்ரெண்டு சொல்றான், போடலாமா?

காத்துமண்டலம்:
ப்ரோ மொதல்ல காத்து பாருங்க. வண்டி சூடாகுறதுக்கு முன்னாடி, உங்க சொந்த கேஜ்ல. பங்க்ல இருக்குற மீட்டர நம்பாதீங்க. முன்னாடி காத்து கம்மியா இருந்தாலே ஹேண்டில் கல்லு மாதிரி ஆயிரும்.

ட்ராக்பைத்தியம்:
டேம்பர் வேணவே வேணாம் நண்பா. அது ஹேண்டில் படபடன்னு அடிச்சா அடக்குறதுக்கு. உங்களுக்கு ஹேண்டில் ஏற்கனவே கனமா இருக்கு, அதுல டேம்பரும் போட்டா இன்னும் கனமாகும், காசு கொடுத்து வியாதிய வளக்குற கதை. பின் ப்ரீலோட் (பின் ஸ்பிரிங்க எவ்வளவு அமுக்கி வெச்சிருக்குங்கிற செட்டிங்) எத்தனாவது ஸ்டெப்ல இருக்கு? 86 கிலோவுக்கு கம்மியா இருந்தா பின்னாடி உக்காந்துரும், முன்னாடி தூக்கிக்கும், ஃபோர்க்கோட (முன் வீலப் புடிச்சிருக்குற ரெண்டு குழாய்) சாய்வு கூடிரும், அப்புறம் ஆக்ஸிலேட்டர் குடுக்கக் குடுக்க வெளியதான் ஓடும்.

கிரீஸ்கை:
தம்பி, நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. கோன் செட்டுன்னதும் எனக்குப் பொறி தட்டிருச்சு. வண்டி நேரா போறப்ப முன் வீலு சும்மா இருக்காது, லேசா சாஞ்சா அந்தப் பக்கமே கொஞ்சம் திரும்பி தன்னைத்தானே நிமித்திக்கும், இது நமக்குத் தெரியாமயே நடந்துகிட்டு இருக்கும். கோன் செட்ட இறுக்கிட்டா அந்தச் சின்னத் திருப்பம் நடக்காது, சாய்வு சேந்து சேந்து ஒரு கட்டத்துல வெடுக்குன்னு திரும்பும், நீங்க எதிர்ப் பக்கம் புடிப்பீங்க, மறுபடி அந்தப் பக்கம். அதான் அந்தத் தண்ணியடிச்ச நடை. வேகம் கூடுனா வீல் சுத்துறதுலயே பலம் வந்துருது, அதனால 80-ல தெரியல.

செக் பண்றது சுலபம். பின்னாடி பேடாக் ஸ்டேண்ட் (பின் வீலத் தூக்கி நிறுத்துறது), எஞ்சினுக்கு அடியில பலகை வெச்சு ஜாக்கில தூக்குங்க (சைலன்சர் பைப்புல வெச்சுராதீங்க சாமி), கூட ஒரு ஆள் புடிச்சுக்கணும். முன் வீல் அந்தரத்துல இருக்கணும். ஹேண்டில ஒரே விரல்ல லேசா ஒரு பக்கம் தள்ளுங்க, அது தானா கடைசி வரைக்கும் விழணும். நடுவுல டொக்குன்னு குழியில உக்காந்தா ரேஸ்ல (கோன் செட்டுக்குள்ள பால் உருளுற வளையம்) பள்ளம் விழுந்துருச்சு, எவ்வளவு லூஸ் பண்ணாலும் தேறாது, புது செட்டுதான். அப்புறம் ஃபோர்க் அடியப் புடிச்சு முன்ன பின்ன ஆட்டுங்க, ஆட்டம் இருக்கக் கூடாது.

மலையேறி:
அண்ணா நேத்து சாயங்காலம் மாமா பையன வெச்சு தூக்கிப் பாத்தேன். நீங்க சொன்னது அப்படியே! நடுவுல வந்ததும் டொக்குனு நின்னுக்குது, அங்கிருந்து தள்ளுனாதான் நகருது, கண்ண மூடிட்டே சென்டர் கண்டுபுடிக்கலாம் போல. காத்து முன்னாடி 22 தான் இருக்கு, ஸ்டிக்கர்ல 28 போட்டிருக்கு, எனக்கே அசிங்கமா போச்சு. ப்ரீலோட் 5-ல 1-ல கெடக்கு.

ட்ராக்பைத்தியம்:
சேக் (ஆள் உக்காந்தா சஸ்பென்ஷன் எவ்வளவு எறங்குதுன்னு) அளந்துருங்க. பின் வீல தரையில இருந்து தூக்கிட்டு ஆக்ஸில்ல இருந்து நேர் மேல சீட் ஓரத்துல ஒரு டேப் ஒட்டி அளவு எடுங்க, அப்புறம் ஹெல்மெட் ஜாக்கெட்டோட ஏறி உக்காந்து அதே அளவு. ரெண்டுக்கும் வித்தியாசம் மொத்த டிராவல்ல (பின் வீல் மேல கீழ போற தூரம்) மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கணும், உங்க வண்டிக்கு 40 மிமீ சுமாருக்கு வெச்சுக்கலாம்.

இன்னொன்னு, அந்த கெத்து டயர். அகலம் 140 மிமீல 70 சதவீதம்னா சைடுவால் (டயரோட பக்கவாட்டு உயரம்) 98 மிமீ, 150-ல 60-ன்னா 90. பின்னாடி 8 மிமீ கீழ எறங்கிருச்சு, மேல அகலமும் கூடிருச்சு. ரெண்டுமே வண்டிய சோம்பேறியாக்குற வேலை.

அவசரக்குடுக்கை:
ஃபோர்க்க கிளாம்ப்ல 5 மிமீ மேல ஏத்தி, வண்டி முன்பக்கத்த எறக்கி விட்டா சரியாயிடும்ல?

கிரீஸ்கை:
ஆகும், ஆனா இப்ப வேணாம். ஒரே நேரத்துல நாலு திருகு திருகுனா எது வேலை செஞ்சுச்சுன்னே தெரியாது. மொதல்ல காத்து, அடுத்து கோன் செட், அப்புறம் ப்ரீலோட், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும். புது செட் போட்டா ஒரு 500 கிமீல மறுபடி பாக்கச் சொல்லுங்க, ரேஸு உக்காந்ததும் லேசா லூஸ் ஆகும். டக் டக்னு கேக்குதேன்னு பழையபடி இறுக்கிராதீங்க.

மலையேறி:
அப்டேட். காத்து வெச்சதுமே ஹேண்டில் பாதி லேசாச்சு, ஆனா அலையுறது அப்படியே இருந்துச்சு. கோன் செட் மாத்துனேன். பழைய ரேஸ வாங்கிட்டு வந்து விரல் வெச்சுப் பாத்தா உள்ள வரிசையா சின்னச் சின்னக் குழி, அரிசி அளவுக்கு, ஒவ்வொரு பால் உக்காந்த இடமும் தெரியுது. போட்டுட்டு கடையில இருந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ளயே அலையுறது சுத்தமா போயிருச்சு. சேக் மொதல்ல 612-க்கு 556, அதாவது 56 மிமீ. இப்ப ப்ரீலோட் 4-ல வெச்சு 42.

ஞாயித்துக்கிழமை காரவள்ளில இருந்து ஏறுனேன். வெளிய ஓடவே இல்ல, ஆனா படுக்குறப்ப மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தமா இருக்கு, அது டயர்தான்னு இப்ப நல்லாவே தெரியுது. ஆயிரம் கிமீ கூட ஓடாத டயர், யாருக்காவது 150/60 வேணும்னா சொல்லுங்க.