பொருள்: ‘கேனன்’ – முதற்கதையா, கதைவரம்பா?

தொண்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரத்தில், விண்வெளிக் கதையுலகங்களான ஸ்டார் ட்ரெக், ஸ்டார் வார்ஸ் இரண்டில் ஸ்டார் ட்ரெக் ரசிகர்களும் ஸ்டார் வார்ஸ் ரசிகர்களும் சேர்ந்து நடத்தவிருக்கும் வினாடி வினாவுக்கு விதிகளைத் தமிழில் எழுத வேண்டும். முதல் விதியே ‘கேனன்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. ஒரு கதையுலகில் எது செல்லும், எது செல்லாது என்று உரிமையாளர் வகுத்த தொகுதிக்கு அந்தப் பெயர். சொல்லை அப்படியே எழுதினால் கேமராதான் நினைவுக்கு வருகிறது.

நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. திரையில் வந்தது முதற்கதை. அனுமதி பெற்று வரும் நாவல், காமிக்ஸ் எல்லாம் வழிக்கதை. ரசிகர்கள் எழுதுவது சார்புக்கதை.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் கேனனுக்குப் பொருந்தவில்லை. முதல், வழி என்பது ஒரு நூலுக்கும் இன்னொரு நூலுக்கும் உள்ள உறவு. எதிலிருந்து எது பிறந்தது என்பது ஒருமுறை அமைந்தால் அமைந்ததுதான். கேனன் மாறும். 2014 ஏப்ரலில் ஸ்டார் வார்ஸை எடுக்கும் லூகாஸ்பிலிம் நிறுவனம் அதுவரை வந்த நாவல்களையும் காமிக்ஸையும் ஏறக்குறைய மொத்தமாக ‘லெஜண்ட்ஸ்’ என்ற பெயரில் ஒதுக்கி வைத்தது. முந்தைய நாள் வரை கணக்கில் இருந்த கதை மறுநாள் கணக்கில் இல்லை. அன்றும் அவை வழிக்கதை, இன்றும் வழிக்கதை. மாறியது வேறொன்று, அதற்குத்தான் சொல் வேண்டும்.

‘முதற்கதை’ என்று காதில் விழுந்தால் முதலில் வந்த கதை என்றே பொருள் கொள்வார்கள். ஸ்டார் வார்ஸில் 1977இல் முதலில் வந்த படம் நான்காம் பாகம். மேடையில் இது கிளம்பினால் அடங்காது. ‘மூலக்கதை’ சினிமா டைட்டிலில் வேறு பொருளில் ஓடுகிறது. ‘மெய்க்கதை’ என்றால் நிஜமாக நடந்த கதை என்றாகிவிடும்.

நான் சொல்வது ‘கதைவரம்பு’. வரப்பை வெட்டித் தள்ளிப் போட்டால் வயலின் அளவு மாறுவதுபோல, உரிமையாளர் அறிவித்தால் இதுவும் நகரும். பேச்சிலும் எளிதாக வரும்: வரம்பில் சேர்த்தார்கள், வரம்பிலிருந்து நீக்கினார்கள். ஸ்டார் வார்ஸில் த்ரான் என்ற தளபதியைப் பாருங்கள். 1991 நாவலில் பிறந்தவன். 2014இல் நாவலோடு வெளியே போனான். 2016இல் அனிமேஷன் தொடர் வழியாகத் திரும்ப வந்தான். ஆள் வரம்புக்குள் இருக்கிறான், அவனைப் பெற்ற நாவல் வெளியே இருக்கிறது. முதல், வழி என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வீர்கள்?

பாம்பனிலிருந்து:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வது சரி. இந்தச் சொல் ட்ரெக் பக்கமும் அப்படியே பொருந்துகிறது. ட்ரெக்கில் நாவல்கள் வரம்புக்குள் வருவதில்லை. திரையில் வந்ததே கணக்கு. ஆனாலும் விண்கல மாலுமி சூலுவின் முதற்பெயரான ‘ஹிகாரு’ 1981இல் ஒரு நாவலில் வந்து, 1991 படத்தில் திரையேறியது. வார்ஸில் ‘கோரஸண்ட்’ என்ற தலைநகரின் பெயர் 1991 நாவலில் வந்து 1999 படத்தில் ஒலித்தது. ‘உங்களுக்கு நாவல்தான் வேதம்’, ‘உங்களுக்கு நாவலே ஆகாது’ என்று ஒருவரையொருவர் குத்திக்காட்டும் இரு தரப்பிலும் நடந்திருப்பது ஒன்றே: நாவலில் பிறந்தது திரையேறி வரம்புக்குள் வந்தது. இதற்கு ‘வரம்பேற்றம்’ என்று பெயர் வைப்போம். பொதுச் சுற்றுக்குக் கேள்வி தானாகக் கிடைக்கும்.

வரம்புக்குள்ளேயே முரண் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரெக்கின் 1966 அத்தியாயம் ஒன்றில் அதன் நாயகன் கேப்டன் கிர்க்கின் கல்லறைக் கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று பொறித்திருக்கும். ‘டைபீரியஸ்’ என்ற நடுப்பெயர் 1974இல் அனிமேஷன் தொடரில் வந்தது. அந்தத் தொடர் வரம்பில் சேருமா என்பதே நெடுங்காலம் விவாதமாக இருந்தது. ஆகவே விளக்கத்தில் ‘முரணற்ற’ என்ற அடைமொழி வேண்டாம்.

‘வரம்பு மீறிய’ என்ற தொடரையும் விதித்தாளில் எங்கும் விடக்கூடாது. தமிழில் அது வசவு. நாவல் படிப்பவரை ஒழுக்கம் கெட்டவர் என்று சொன்னதாகிவிடும். உள்வரம்பு, வெளிவரம்பு என்றே எழுதுவோம்.

இராமேசுவரத்திலிருந்து:

வெளிவரம்பு என்றாலும் சிலருக்கு மனம் சுருங்கும். சீதை மணலில் லிங்கம் பிடித்ததை இங்கே தலபுராணம் சொல்லித்தான் கேட்கிறோம். கம்பர் செய்ததும் வழிநூல். இரண்டையும் யாரும் கீழே வைப்பதில்லை. ‘வரம்பு தரத்தைக் குறிக்காது’ என்று ஒரு வரி சேருங்கள் அண்ணே.

தொண்டியிலிருந்து:

சேர்த்துவிட்டேன். தலைச்சொல் ‘கதைவரம்பு’. முதற்கதையை விட்டுவிடுவோம். வழிக்கதை, சார்புக்கதை இரண்டும் பிறப்பைச் சொல்ல மட்டும் இருக்கட்டும்.

விதி வரைவு இது. ஒவ்வொரு கேள்வி அட்டையிலும் படைப்பின் பெயர், ஆண்டு, உள்வரம்பா வெளிவரம்பா என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘ஹான் சோலோவின் பிள்ளைகள் யார்?’ என்று வார்ஸ் பாத்திரம் ஒன்றைப் பற்றி மொட்டையாகக் கேட்டால், பழைய நாவல்களின்படி ஜெய்னா, ஜேசன், அனகின் என்று மூவர்; 2015 படத்தின்படி பென் ஒருவன். இரண்டு அணியும் சரியான விடை சொல்லி, ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் போகும். சோலோவின் தோழன் சூபாக்காவும் அப்படியே: 1999 நாவலில் இறந்துவிடுகிறான், 2015 படத்தில் உயிரோடு வருகிறான்.

மொத்தம் 40 கேள்விகள். தரப்புக்கு 15, பொதுவில் 10. ட்ரெக் அட்டைகளை வார்ஸ் தரப்பு சரிபார்க்கும், வார்ஸ் அட்டைகளை ட்ரெக் தரப்பு. தன் அட்டையைத் தானே பார்ப்பவர் தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று எண்ணி ஆண்டை விட்டுவிடுவார். பொது 10இல் பாதியாவது வரம்பேற்றம் பற்றியதாக இருக்கட்டும்.

தமிழ் டப்பிங் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தொல்காப்பியம் மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளில் வைக்கிறது. அந்தக் கணக்கில் டப்பிங் பிறப்பால் வழிக்கதை, ஆனால் உள்வரம்பு. பெயர் மாறியிருந்தால் இரண்டுக்கும் மதிப்பெண் தரலாம்.

கீழக்கரையிலிருந்து:

சம்மதம். 1963இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்குப் பிபிசி வரம்பே இட்டதில்லை. அந்த ரசிகர்களும் வர விரும்பினால் அட்டையின் மூன்றாம் கட்டத்தில் ‘வரம்பிடாதது’ என்று எழுதிக்கொள்ளலாம்; அச்சுக்குப் போகும் முன் அதற்கும் இடம் விடுங்கள்.