மறு: ‘குயின் கான்சார்ட்’ – ‘மணவரசி’ என்னும் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

கலைக்கூடக் காட்சிக் குறிப்புகளில் ‘குயின் ரெக்னன்ட்’ (தன்னுரிமையில் ஆளும் அரசி), ‘குயின் கான்சார்ட்’ (மன்னரை மணந்ததால் அரசியானவர்) ஆகிய இரண்டையும் ‘அரசி’ என்றே எழுதலாம், இடம் நோக்கிப் பொருள் விளங்கிவிடும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இக்காலக் கலைஞர் சிலர் கையாளும் பொருளே அந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1999இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மெழுகுச் சிலையையும் அவருடைய ஆறு மனைவியரின் மெழுகுச் சிலைகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். அறுவரும் மணத்தால் அரசியானவர்கள். அவர்களுள் ஆன் பொலினின் திருமணம் 1536 மே 17 அன்று செல்லாததாக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து அவர் தலை துண்டிக்கப்பட்டது. அவருடைய மகள் முதலாம் எலிசபெத்தோ தன்னுரிமையில் 44 ஆண்டுகள் ஆண்டார். அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ 1974 முதல் 1979 வரை உருவாக்கிய ‘இரவு விருந்து’ படைப்பின் முக்கோண மேசையில் இடம் ஒதுக்கப்பட்ட 39 பெண்களுள் எலிசபெத்தும் ஒருவர். தாயையும் மகளையும் ஒரே சொல்லால் சுட்டினால், கணவனால் பறிக்கக்கூடிய பதவி எது, பறிக்க முடியாத பதவி எது என்பது பார்வையாளருக்கு எட்டாமலே போகும்.

‘குயின் கான்சார்ட்’ என்பதற்கு முன்மடலில் வந்த ‘துணையரசி’ எனக்கு உடன்பாடில்லை. துணைவேந்தர், துணைத்தலைவர் என்று பழகிய நமக்கு அது அடுத்த நிலைப் பதவியாகவே ஒலிக்கும். ‘கோப்பெருந்தேவி’ அழகிய சொல். ஆயினும் தலைமைத் தேவி என்ற பெருமையை அது ஏற்றிவிடுவதால் நடுநிலையான குறிப்புக்குப் பொருந்தாது. எனவே மணவரசி என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘மணவாளன்’, ‘மணவறை’ ஆகியவற்றில் உள்ள ‘மண’ என்பதே இங்கும் வருவதால் நறுமணம் என்ற மயக்கம் எழாது. தன்னுரிமையில் ஆள்பவருக்கு ஆளரசி போதும். அதிபரின் மனைவிக்கு ‘முதல் பெண்மணி’ நிலைபெற்றுவிட்டது; அதைத் தொட வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு சொல்லும் தேவை. அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹால் 1985இல் செய்த ‘ஆளும் அரசியர்’ அச்சுப்பட வரிசையில் இடம்பெற்ற நால்வருள் சுவாசிலாந்தின் (இன்றைய எஸ்வாட்டினி) நிடோம்பி, மறைந்த மன்னர் இரண்டாம் சோபுசாவின் மனைவியருள் ஒருவர். மகன் முடிசூடும் வரை அவருக்காக ஆட்சிப் பொறுப்பை வகித்தவர். ‘பகர ஆளுநர்’ (மன்னருக்குப் பதிலாக ஆள்பவர்) என்ற வழக்கையொட்டி இவரைப் பகர அரசி எனலாம். ஜூடி சிகாகோவின் மேசையில் இடம்பெற்ற எகிப்தின் ஹாட்செப்சுட் இம்மூன்று நிலைகளையும் கடந்தவர்: இரண்டாம் துட்மோசின் மணவரசியாக இருந்து, சிறுவனான மூன்றாம் துட்மோசுக்காகப் பகர அரசியாகி, பின்னர்த் தாமே பாரோவாக (எகிப்திய மன்னராக) முடிபுனைந்து ஆளரசியானார்.

மணவரசிக்கு மாற்றாக இதனினும் சுருக்கமான சொல் தோன்றினால் அன்பர்கள் எழுத வேண்டுகிறேன்.