புதுப்பிப்பு: இரண்டாவது முறை கல்லூரி மாறும் கால்பந்து வீரர் ஒரு சீசன் ஆடாமல் உட்கார வேண்டுமா? (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இந்த சீசன் ஆடுகிறான்!

முதலில் வருபவர்களுக்காக: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (நம்மூர் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) ஏற்கெனவே ஒருமுறை கல்லூரி மாறியவன் அவன். மறுபடி மாறினால் ஒரு வருடம் ஆட முடியாது என்று பழைய கல்லூரியில் பயமுறுத்தியிருந்தார்கள். 2024 ஏப்ரலில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அந்த விதியையே எடுத்துவிட்டது, மதிப்பெண் சரியாக இருந்தால் போதும் என்று இங்கே ஒருவர் சொன்னார். அதுதான் சரியான பதில். 2024 டிசம்பரில் மாற வேண்டும் என்று பழைய கல்லூரியிடம் எழுத்தில் கேட்டான். இரண்டு வேலை நாட்களுக்குள் கல்லூரி அவன் பெயரை டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியல்) ஏற்றியாக வேண்டும், ஏற்றினார்கள்.

எதிர்பாராத சிக்கல் படிப்பில் வந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பில் 60 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். புதிய கல்லூரி அவனுடைய சில கிரெடிட்களை (முடித்த பாடங்களுக்கான புள்ளிகள்) அந்தப் பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கவில்லை. கோடையில் இரண்டு பாடம் படித்துத்தான் ஈடுகட்டினான், பாவம். கையெழுத்துப் போடும் முன்பே கிரெடிட் கணக்கை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இன்னொன்று, போர்ட்டலில் பெயர் ஏறியதும் பழைய கல்லூரி அந்தப் பருவ முடிவோடு ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். போக இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அப்புறம், டெக்சஸ் - டெக்சஸ் ஏ&எம் பகை (டெக்சஸ் மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழக அணிகளின் போட்டி) செத்துவிட்டது என்று இதே இழையில் வாதிட்டவருக்கு: 2011-க்குப் பிறகு முதல்முறையாக 2024 நவம்பர் 30 அன்று மோதினார்கள். டெக்சஸ் 17-7 என வென்றது. அந்த ஆட்டத்தைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.