வீட்டுக் குழு: 46 மாணவர்கள், 20387 கணுக்கள்

தம்பி: அக்கா, வகுப்பில் யார் யாரோடு நட்பு என்ற ஆய்வின் தரவை ஆர் மென்பொருளில் ஏற்றினேன். வகுப்பில் 46 மாணவர்கள். காலப்போக்கில் மாறும் வலையமைப்புகளுக்கான நெட்வொர்க்டைனமிக் தொகுப்பு கட்டிய வலையமைப்பிலோ 20387 கணுக்கள், அதாவது ஆளைக் குறிக்கும் புள்ளிகள்! படம் வரையவே கணினி திணறுகிறது.

அண்ணி: 46 பேர் எப்படி இருபதாயிரம் ஆவார்கள்?

அக்கா: மாணவர்களின் பதிவு எண்களை அப்படியே கொடுத்தாயா? அவற்றில் மிகப் பெரியது 20387தானே?

தம்பி: ஆம்! எப்படித் தெரிந்தது?

அக்கா: அந்தத் தொகுப்புக்குக் கணு எண் என்றால் 1, 2, 3 என்ற வரிசை எண்தான். 20387 என்று பார்த்ததும், அதற்கு முன்னால் 20386 பேர் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு ஆளில்லாத எண்களுக்கெல்லாம் வெற்றுக் கணுக்களை உருவாக்கிவிடும். பிழைச் செய்தியும் வராது.

தம்பி: ஐகிராஃப் என்ற இன்னொரு தொகுப்பில் இதே எண்கள் சரியாக வேலை செய்தனவே?

அக்கா: அங்கே அட்டவணையிலிருந்து கட்டும்போது எண்ணையும் பெயராகவே எடுத்துக்கொள்ளும்.

தம்பி: அப்படியானால் நட்புக் கோப்பில் நட்பின் இரு முனைகளையும் சொல்லும் டெயில், ஹெட் நெடுவரிசைகளை ஃபேக்டராக்கி, அதாவது ஒவ்வொரு மதிப்பையும் ஒரு வகையாக்கி, முழு எண்ணாக மாற்றிவிடுகிறேன். 1 முதல் வந்துவிடும்.

அக்கா: வேண்டவே வேண்டாம்! டெயிலையும் ஹெட்டையும் தனித்தனியே ஃபேக்டராக்கினால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வரிசையை வைத்துக்கொள்ளும். டெயிலில் 5 என்பது ஒரு மாணவி, ஹெட்டில் 5 என்பது வேறொரு மாணவன். படம் அழகாகவே வரும், ஆனால் யாருக்கு யார் நண்பர் என்பது முழுக்கப் பொய்யாகிவிடும். அதைவிட நிரல் பாதியில் நின்றுபோவது எவ்வளவோ மேல்.

சித்தப்பா: பதிவு எண்கள் பூஜ்ஜியத்தில் தொடங்குகின்றனவா? விரிதாளில் திறந்து சேமித்தால் 00417 வெறும் 417 ஆகிவிடும்.

தம்பி: இருங்கள், பார்க்கிறேன்.

தம்பி: ஆம் சித்தப்பா. வகுப்புப் பட்டியலில் 00417, நட்புக் கோப்பில் 417.

அக்கா: நல்ல வேளை கேட்டீர்கள், சித்தப்பா. தம்பி, இரண்டு கோப்புகளையும் எழுத்துகளாக வாசி. நட்புக் கோப்பின் எண்களை ஐந்து இலக்கம் வரும்வரை முன்னால் பூஜ்ஜியம் இட்டு நிரப்பு. பிறகு வகுப்புப் பட்டியலை முதன்மையாக வைத்துக்கொள். அதில் ஒருவர் எத்தனையாவது வரியோ அதுவே அவருடைய கணு எண். மேட்ச் கட்டளையால் டெயில், ஹெட் இரண்டையும் அந்த ஒரே பட்டியலோடு ஒப்பிடு. பட்டியலில் பொருந்தவில்லை என்று காட்டும் என்.ஏ வந்தால் அந்த வரியை நீக்காதே, ஏன் வந்தது என்று தேடு.

அண்ணி: நட்புக் கோப்பிலேயே எல்லாரும் இருப்பார்களே, தனிப் பட்டியல் எதற்கு?

அக்கா: யாரோடும் பழகாத பிள்ளை அந்தக் கோப்பில் இருக்காது, அண்ணி. இந்த ஆய்வில் நாம் முதலில் கவனிக்க வேண்டியதே அந்தப் பிள்ளையைத்தான். அதனால்தான் 46 கணுக்கள் கொண்ட அடிப்படை வலையமைப்பை முதலில் கட்டிவிட வேண்டும்.

தம்பி: 46 வந்துவிட்டது! என்.ஏ மட்டும் சில வரிகளில் இருக்கிறது. இன்னொரு குழப்பம்: மூன்றாம் வாரத்தை மட்டும் பிரித்தெடுத்தால் 12ஆம் கணு வேறு ஆளாக இருக்கிறது.

அக்கா: நடுவில் சேர்ந்தவர்களுக்கும் விலகியவர்களுக்கும் காலம் குறித்திருக்கிறாய் அல்லவா? அந்த வாரம் இல்லாதவர்களை விட்டுவிட்டு, மீதிப் பேருக்குப் புதிதாக எண் போட்டிருக்கும். பதிவு எண்ணை அடிப்படை வலையமைப்பில் ஒரு பண்பாகச் சேர். கட்டும்போது வெர்டெக்ஸ்.பிஐடி என்ற இடத்தில் அந்தப் பண்பின் பெயரைக் கொடு. அது மாறாத அடையாளமாக நிற்கும். எந்த வாரத்தைப் பிரித்தாலும், பதிவு எண்ணைக் கொடுத்தால் கெட்.வெர்டெக்ஸ்.ஐடி கட்டளை அந்த ஆளின் அப்போதைய கணு எண்ணைச் சரியாகக் காட்டிவிடும்.

தம்பி: என்.ஏ ஏன் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். சில எண்களின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்கா: இடைவெளியை நீக்கிவிட்டு, பூஜ்ஜியம் நிரப்புவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டு. பழைய படத்தை ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பியிருந்தால் இன்றே தெரிவித்துவிடு.

தம்பி: இன்னும் அனுப்பவில்லை. புதிய படத்தை முதலில் இங்கே போடுகிறேன்.