ஞாயிறு மதியம் பிரிட்டிஷ் வீட்டில் சாப்பாடு: சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமா, பசியோடு போக வேண்டுமா?

கேள்வி (லீட்ஸ், வந்து நாலு மாதம்)

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக வந்திருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெரியவர், வருகிற ஞாயிற்றுக்கிழமை 'சண்டே ரோஸ்ட்' (ஓவனில் சுட்ட கறியோடு ஞாயிறு மதியச் சாப்பாடு) சாப்பிட எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஆபீஸ் கேன்டீனில் அவித்த பட்டாணியும் உப்பு உறைப்பு இல்லாத உருளைக்கிழங்கும் தின்று நாக்கு செத்துக் கிடக்கிறது. வீட்டிலும் இதே கதைதானா? நான் ஆடு, கோழி சாப்பிடுவேன், மாடும் பன்றியும் கிடையாது. மனைவி சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. பேசாமல் வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாமா?

பதில் (பிராட்ஃபோர்ட், பதினாலு வருடம்)

தம்பி, பசியோடு போங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது அது. வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மா "வியாழக்கிழமை டீக்கு வாங்க" என்றார். டீ என்றால் டீதானே என்று ஐந்து மணிக்கே வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போய் நின்றேன். மேசையில் லங்காஷயர் ஹாட்பாட், அதாவது ஆட்டுக்கறியும் வெங்காயமும் போட்டு, மேலே உருளைக்கிழங்கை வட்டமாக அடுக்கி, மணிக்கணக்கில் மெதுவாக வேகவைத்த சட்டி, ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. இங்கே வடக்கில் 'டீ' என்றால் பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாடு. 'டின்னர்' என்று மதியச் சாப்பாட்டைச் சொல்கிறவர்களும் உண்டு. யாராவது கூப்பிட்டால் பெயரைப் பார்க்காதீர்கள், மணியைக் கேளுங்கள்.

கேன்டீனை வைத்து வீட்டை எடை போடக் கூடாது. நம் ஊர் ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்துவிட்டு, தமிழன் சமையலே இவ்வளவுதான் என்று ஒருவன் சொன்னால் விடுவோமா? ஆனாலும் இந்தக் கெட்ட பெயர் சும்மா வந்ததில்லை. 2005-இல் பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக், இவ்வளவு மோசமாகச் சமைக்கிறவர்களை நம்ப முடியாது என்று சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. பின்லாந்துக்கு அடுத்து பிரிட்டன் சாப்பாடுதான் மோசம் என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கு அடுத்த ஓரிரு நாளில் 2012 ஒலிம்பிக்கை பாரிஸைத் தோற்கடித்து லண்டன் தட்டிக்கொண்டு போனது தனிக்கதை. இங்குள்ளவர்களுக்கு இன்னமும் அதில் சந்தோஷம்.

என் பக்கத்து வீட்டம்மா சொல்லும் காரணம் வேறு: ரேஷன். 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலையில்தான் முழுசாக முடிந்தது. போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்தும் கறிக்கு ரேஷன் இருந்திருக்கிறது! போர்க்காலத்தில் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை, ஐம்பது அறுபது கிராம் வெண்ணெய், அதே அளவு தேயிலை. மற்றபடி முட்டைப் பொடி. 1953-இல் மிட்டாய்க்கு ரேஷன் நீங்கியபோது அவர் சின்னப் பெண்ணாம். அந்த நாளை இன்றைக்கும் தீபாவளி மாதிரி சொல்வார். ஆலிவ் எண்ணெய் அப்போதெல்லாம் மருந்துக் கடையில் காதில் விட விற்றது. பதினாலு வருடம் அப்படிச் சமைத்த அம்மாவிடம் சமையல் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு என்ன கைமணம் வரும்? அந்தத் தலைமுறை காய்கறியை அவித்து அவித்து உயிரை எடுத்தது உண்மைதான். இப்போது உள்ளவர்கள் அப்படி இல்லை.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நாம் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் காரம், புளிப்பு எல்லாம் சட்டியிலேயே சேர்ந்துவிடும். இவர்கள் வீட்டில் அது மேசைக்குத் தனியாக வரும். தட்டில் விழுகிற கறிக்கு உப்பு, மிளகு, கொஞ்சம் ரோஸ்மேரி தவிர ஒன்றும் இருக்காது. அதை அப்படியே வாயில் போட்டுவிட்டு சப்பென்று இருக்கிறது என்றால், பொடியும் எண்ணெயும் இல்லாமல் இட்லியைத் தின்று பார்த்துக் குறை சொன்ன மாதிரி. சுற்றி இருக்கும் சின்னக் கிண்ணங்களைப் பாருங்கள். ஆட்டுக்கறிக்கு மின்ட் சாஸ்: புதினாவைப் பொடியாக நறுக்கி வினிகரும் சர்க்கரையும் சேர்த்தது. பன்றிக்கு ஆப்பிள் சாஸ். மாட்டுக்கு ஹார்ஸ்ராடிஷ் என்ற வேர். அப்புறம் இங்கிலீஷ் மஸ்டர்ட். மஞ்சளாக அப்பாவி மாதிரி இருக்கும், ஸ்பூன் நிறைய அள்ளிவிடாதீர்கள். மிளகாய் நாக்கில் எரியும், இது நேராக மூக்கு வழியாக மண்டைக்கு ஏறும். ஆந்திரா ஊறுகாயை அசராமல் தின்கிற என் வீட்டுக்காரர் முதல்முறை கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தார்.

ஊஸ்டர் சாஸ் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 1837 முதல் லீ அண்ட் பெரின்ஸ் விற்கிற சரக்கு, உள்ளே நம் புளி இருக்கிறது. நெத்திலி மாதிரி ஒரு மீனும் இருக்கிறது, அதனால் உங்கள் மனைவிக்கு ஆகாது. ஹெச்பி சாஸிலும் புளி உண்டு, அதில் மீன் கிடையாது.

இவர்கள் சமையலின் சூட்சுமம் மசாலாவில் இல்லை, ஓவனிலும் நேரக் கணக்கிலும் இருக்கிறது. ஒரே ஓவனில் கறி, உருளைக்கிழங்கு, பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கு, யார்க்ஷயர் புட்டிங் எல்லாம் ஒரே நிமிடத்தில் மேசைக்குச் சூடாக வர வேண்டும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். உருளைக்கிழங்கை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டு மெனுவிலேயே சேர்ந்துவிடும். மேரிஸ் பைப்பர் என்று கேட்டு வாங்குங்கள். தோல் சீவி, பெரிய துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் அரைவேக்காடாக வேகவிட்டு வடியுங்கள். பாத்திரத்தை மூடி நாலு குலுக்குக் குலுக்கினால் ஓரமெல்லாம் மாவு மாதிரி பிசிறும். அந்தப் பிசிறுதான் பிறகு மொறுமொறுப்பாகும். ஓவனை 200 டிகிரிக்கு வைத்து, தட்டில் எண்ணெயை முதலிலேயே நன்றாகக் காயவிட்டு, கிழங்கைப் போட்டு, நடுவில் திருப்பிவிட்டு, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதற்கு ஈடு கிடையாது. எங்கள் வீட்டில் வாழைக்காய் வறுவல் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

யார்க்ஷயர் புட்டிங் என்பது முட்டை, மைதா, பால் கலந்த மாவைப் புகைகிற எண்ணெயில் ஊற்றி உப்பவைப்பது. நாலு அங்குலமாவது உயராவிட்டால் அது யார்க்ஷயர் புட்டிங்கே இல்லை என்று 2008-இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியே சொல்லியிருக்கிறது. யார்க்ஷயரில் பழைய வழக்கம், இதை கிரேவியோடு முதலில் போட்டு வயிற்றை நிரப்பிவிடுவது. விலை கூடிய கறி கொஞ்சமாகச் செலவாகுமே! சாம்பாரை முதலில் ஊற்றிவிடுகிற நம் பந்தி விசாரிப்பாளர்கள் ஞாபகம் வருகிறதா?

சைவ விஷயத்தை இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மேசையில் உட்கார்ந்த பிறகு வேண்டாம். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் முட்டை சாப்பிடுவீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள், எனவே முட்டையைத் தனியாகச் சொல்லுங்கள். கறியைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்து, கறியிலிருந்து வடிந்த கொழுப்பிலேயே உருளைக்கிழங்கை வறுத்துவிடுவார்கள், கிரேவியும் கறிச்சாற்றில்தான். சில புட்டிங்குகளில் சூயெட் என்ற கெட்டியான மாட்டுக் கொழுப்பு சேரும், ஜெல்லியில் ஜெலட்டின். யார்க்ஷயரில் சிப்ஸ் (நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு) கடைகளிலும் பல இடத்தில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் உங்கள் மனைவிக்கு நட் ரோஸ்ட், அதாவது கொட்டைப் பருப்புகளை நறுக்கிச் சேர்த்து ஓவனில் சுட்டது, செய்வார்கள். அதிலும் கெட்டிப்பட முட்டை சேர்ப்பதுண்டு, அதனால்தான் முன்னாலேயே சொல்லச் சொல்கிறேன். இனிப்புக்கு ஆப்பிள் கிரம்பிளும் (ஆப்பிள் மேல் மாவுத் தூளைத் தூவிச் சுட்டது) பேர்ட்ஸ் கஸ்டர்டும் வந்தால் தைரியமாகச் சாப்பிடலாம். பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1837-இல் கண்டுபிடித்த பொடி அது. நம் கல்யாணப் பந்தியில் ஃப்ரூட் சாலட் மேல் ஊற்றுகிறோமே, அதற்கு மூத்தது.

கடைசியாக ஒன்று. "இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று ஒருதரம்தான் கேட்பார்கள். நாம் 'வேண்டாம் வேண்டாம்' என்போம், அவர்கள் வற்புறுத்துவார்கள், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் பாத்திரம் உள்ளே போய்விடும். வேண்டாம் என்றால் இங்கே வேண்டாம்தான்.

பதில் (ஹாரோ, லண்டன்)

அக்கா நல்லா விளங்கப்படுத்தியிருக்கிறா. நான் 1991-இல வந்தனான். ரெண்டு சாமான் மட்டும் சொல்லுறன். கிப்பர் எண்டு புகையூட்டின மீன் விக்கும். அதை வாட்டி உதிர்த்து, புட்டோடயும் சம்பலோடயும் சாப்பிட்டுப் பாருங்கோ. மற்றது பிராம்லி ஆப்பிள். பச்சை நிறம், சரியான புளிப்பு, சமையலுக்கு எண்டே இருக்கிற ஆப்பிள். மாங்காய் கிடைக்காட்டி இதில ஊறுகாய் போடலாம், பச்சடியும் வைக்கலாம். ருபார்ப் தண்டும் புளிக்குப் பதிலா உதவும், இலையை மட்டும் எறிஞ்சு போடுங்கோ, அது நஞ்சு.

கேட்டவர்

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: 'புட்டிங்' என்றால் இனிப்பா, காரமா?

பதில் (பிராட்ஃபோர்ட்)

இரண்டும்தான். "புட்டிங் என்ன?" என்று கேட்டால் கடைசியில் வருகிற இனிப்பு. யார்க்ஷயர் புட்டிங் கிரேவிக்கு. பிளாக் புட்டிங் பன்றி ரத்தம், காலைச் சாப்பாட்டுத் தட்டில் கறுப்பு வில்லையாக இருக்கும், உங்களுக்கு ஆகாது.

கேட்டவர் (அடுத்த வாரம்)

போய்விட்டு வந்தோம். எனக்கு ஆட்டுத் தொடை, மனைவிக்கு முட்டை போடாத நட் ரோஸ்ட், அவளுக்கென்று எண்ணெயில் தனித்தட்டில் உருளைக்கிழங்கு. மின்ட் சாஸை மூன்று தடவை வாங்கிக்கொண்டேன், நீங்கள் சொன்னபடி முதல் தடவையிலேயே 'சரி' என்று சொல்லி. மஸ்டர்டில் மாட்டிக்கொண்டது என் மனைவிதான். ஊஸ்டர் சாஸில் புளி இருப்பதைச் சொன்னதும் பெரியவர் எழுந்து போய் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து லேபிளைப் படித்தார். ஐம்பது வருடமாக ஊற்றுகிறாராம், தெரியாதாம். அடுத்த மாதம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ரசத்தில் மிளகைக் குறைக்கவா?

பதில் (பிராட்ஃபோர்ட்)

குறைக்காதீர்கள். நம் மிளகுத்தண்ணியை 'மல்லிகட்டானி' என்று சூப்பாக்கிக் குடித்தவர்கள் அவர்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர் வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.