செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யப் பசெஞ்சி நாய்க்குட்டிகளை எடுத்து வளர்க்கலாமா?

சிறுதோட்டக்காரன் (சுங்கை சிப்புட், பேராக்):

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் நகருக்கு வெளியே எங்கள் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் செம்பனை நிலம் இருக்கிறது. அதன் ஓரத்திலேயே வீடும், கோழிக்கூடும், ஆட்டுக்கொட்டகையும், உரமும் தீவனமும் வைக்கும் கிடங்கும் உள்ளன. கிடங்கிலும் மட்டைக் குவியல்களிலும் எலிகள் பெருகிவிட்டன.

வெளிநாட்டில் குடியேறிய நண்பர் ஒருவர், பசெஞ்சி என்ற வேட்டை நாய் இனத்தைச் சேர்ந்த மூன்று வயதுப் பெட்டை ஒன்றை என்னிடம் ஒப்படைத்துச் சென்றார். யாரும் பழக்காமலேயே அது கிடங்கில் எலி பிடிக்கிறது. ஜொகூரில் ஒருவரிடம் அதே இனத்தில் ஆண் இருப்பதாகத் தெரியவந்தது. இரண்டையும் சேர்த்து ஓர் ஈத்துக் குட்டிகள் எடுத்து, இரண்டை நான் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சுற்றுவட்டாரச் சிறுதோட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன்.

இந்தப் பெட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வருகிறது. இது நோயின் அறிகுறியா? சேர்ப்பதற்கு முன்னர் எந்தப் பரிசோதனைகளைச் செய்ய வேண்டும்? குட்டிகளைச் சிறுவயது முதல் எப்படி வேலைக்குப் பழக்குவது? காட்டுப்பன்றியை விரட்டவும் இவை உதவுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குளுவாங் வளர்ப்பாளர்:

வணக்கம் தம்பி. ஆண்டுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருவது இந்த இனத்தின் இயல்பு, கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான வீட்டு நாய்கள் ஆண்டுக்கு இருமுறை பருவம் காண்கையில், பசெஞ்சி ஒருமுறை மட்டுமே காண்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பெரும்பாலும் ஆகஸ்டு முதல் நவம்பர் வரையிலான இலையுதிர் காலத்தில் வருகிறது. பகற்பொழுது குறைந்துவருவதே அதைத் தூண்டுகிறது என்பது வளர்ப்பாளர்களிடையே பரவலான கருத்து. நம் நாட்டிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ அரை மணி நேர வேறுபாடுதான் உண்டு. ஆகவே வெளிநாட்டு அட்டவணைகளை நம்பாமல், உங்கள் பெட்டை பருவத்துக்கு வந்த நாள்களைக் குறித்து வையுங்கள். பருவம் தொடங்கியதும் மருத்துவரிடம் புரொஜெஸ்டிரோன் என்ற இனப்பெருக்கச் சுரப்பை அளக்கும் இரத்தப் பரிசோதனை செய்தால், சேர்க்க வேண்டிய நாள் துல்லியமாகத் தெரியும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஓர் ஆண்டு காத்திருக்க நேரும். ஜொகூருக்கும் பேராக்குக்கும் இடையே நாயைக் கொண்டுபோக வேண்டிய உங்களுக்கு இது மிகவும் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வற்புறுத்துவது ஃபான்கோனி நோய்க்கான மரபணுப் பரிசோதனையை. இந்நோயில் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சர்க்கரை, அமினோ அமிலம், பைகார்பனேட் போன்றவற்றை மீண்டும் உறிஞ்சாமல் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகின்றன. நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், உடல் மெலியும். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வயதுக்குள்தான் இது வெளிப்படுகிறது என்பதே இதன் கொடுமை, ஏனெனில் அதற்குள் அந்த நாய் பல ஈத்துகளுக்குத் தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருக்கக்கூடும். மூன்று வயதில் துள்ளித் திரிகிறது என்பது எந்த உறுதியையும் தராது.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் பழுதான மரபணுவை அதன் அருகிலுள்ள குறியீடுகளை வைத்துக் கணிக்கும் பரிசோதனையையும், 2011-இல் பழுதான மரபணுவையே நேரடியாகக் கண்டறியும் பரிசோதனையையும் கொண்டுவந்தார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். நாய் நோயற்றதா, கடத்தியா (தனக்கு நோய் வராமல் பழுதைக் குட்டிகளுக்குக் கடத்தக்கூடியதா), பாதிப்புள்ளதா என்று முடிவு வரும். பழுது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டிக்கு நோய் உண்டாகும். கடத்திகள் இரண்டைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதே வரிசையில், சிவப்பணுக்களை அழிக்கும் பைருவேட் கைனேஸ் குறைபாட்டுக்கும், பார்வையை மெல்லப் பறிக்கும் விழித்திரைச் சிதைவுக்கும் மரபணுப் பரிசோதனைகள் உள்ளன. மூன்றையும் செய்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரில் சர்க்கரை கண்டவுடன் நீரிழிவு என்று முடிவுசெய்து இன்சுலின் போட்டுவிட்டால், ஃபான்கோனி உள்ள நாய்க்கு அது உயிராபத்து. இந்நோயில் இரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருக்கும். சிறுநீரில் மட்டுமே சர்க்கரை தென்படும். நம் வீடுகளில் சர்க்கரை நோயாளிகளுக்காக மருந்தகத்தில் வாங்கும் சிறுநீர்ப் பட்டைகளே நாய்க்கும் பயன்படும். பரிசோதனை முடிவு தெரியாத நாயாக இருந்தால், மூன்று வயதிலிருந்து மாதம் ஒருமுறை பார்த்துவருவது நல்லது.

ஓய்வுபெற்ற கிராணி (கோல கங்சார்):

தம்பிக்கு வணக்கம். செம்பனைத் தோட்டங்களில் வெளிக்காட்டுக் கிராணியாக வேலை பார்த்தவன் என்ற முறையில், நாயைப் பற்றி அல்லாமல் அது வேலை செய்யப்போகும் இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

செம்பனையில் சேதம் செய்யும் எலிகளில் பெரும்பாலானவை மரத்தின் தலைப்பகுதியில், குலைகளுக்கும் மட்டை இடுக்குகளுக்கும் நடுவே வாழ்பவை. நாய் அங்கே ஏற முடியாது. ஆகவே ஐந்து ஏக்கரிலும் எலியை ஒழிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிடங்கு, கோழிக்கூடு, நிலத்தில் கிடக்கும் மட்டைக் குவியல் ஆகிய மூன்றில் அது நன்றாகவே உதவும். மரத்தின் மேல் உள்ளவற்றுக்குக் கூகையே சிறந்த வழி. பல தோட்டங்களில் கம்பங்களின் மேல் கூண்டு வைத்துக் கூகைகளைக் குடியேற்றியிருக்கிறார்கள். அண்டை நிலத்துக்காரர்களோடு சேர்ந்து நீங்களும் செய்யலாம்.

இனி, நான் மிகவும் அஞ்சும் ஒன்று: எலிமருந்து. உங்கள் நிலத்தில் வைக்காவிட்டாலும், அடுத்த நிலத்தில் மரத்தடி தோறும் மருந்து கலந்த மெழுகுக்கட்டி வைத்திருப்பார்கள். வார்ஃபரினும், அதைவிட வீரியமான புரோடிஃபாகூம், புரோமடியோலோன் ஆகியவையும் இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்பவை. மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள்கள் தளர்ந்து திரியும். தளர்ந்த எலிதான் நாயின் வாயில் முதலில் சிக்கும். அப்படிப்பட்ட எலிகளைத் தொடர்ந்து தின்னும் நாய்க்கும் அதே நஞ்சு ஏறும். ஈறு வெளுத்தல், சோர்வு, மூச்சுத் திணறல், இருமல், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் ஆகியவை நஞ்சு உள்ளே சென்று மூன்று முதல் ஐந்து நாள்களுக்குப் பிறகே தெரியவரும். வைட்டமின் கே-1 இதற்கு முறிமருந்து. வீரியமான வகைகளுக்கு அதை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே குட்டிகளை வேலையில் இறக்குவதற்கு முன்பே சுற்றிலும் யார், எந்த மருந்தை, எப்போது வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். மருந்தின் உறையைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருந்தால் மருத்துவருக்கு உதவும்.

எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயையும் தாக்கும், மனிதரையும் தாக்கும். அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் விடாமல் போடுங்கள். நாகமும் மலைப்பாம்பும் எலியைத் தேடித்தான் செம்பனைக்குள் வருகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

காட்டுப்பன்றி வேண்டவே வேண்டாம். பசெஞ்சி ஏறத்தாழ பத்துப் பதினொரு கிலோ எடையுள்ள நாய். கொம்புப் பன்றி ஒரே குத்தில் கிழித்துவிடும். மேலும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 நடப்பில் இருக்கையில், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அலுவலகத்தில் கேட்காமல் எந்தக் காட்டு விலங்கையும் நாய் விட்டு வேட்டையாடக் கூடாது. பன்றிக்கு வேலிதான் வழி.

தைப்பிங் அக்கா:

வணக்கம் தம்பி. கிராணி ஐயா சொன்ன எச்சரிக்கைகளை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். குட்டி வளர்ப்பைப் பற்றி நான் எழுதுகிறேன்.

இந்த நாய்களின் பூர்வீகம் நடு ஆப்பிரிக்காவின் காங்கோ வடிநிலக் காடுகள். அங்குள்ள வேட்டைக்காரர்கள் இவற்றின் கழுத்தில் மணி கட்டிக் காட்டுக்குள் விடுவார்கள். இவை மற்ற நாய்களைப் போலத் தொடர்ந்து குரைப்பதில்லை என்பதால், புதருக்குள் நாய் எங்கே போகிறது என்பதை மணியோசைதான் காட்டும். நாய்கள் விலங்கைக் கலைத்து, கட்டிவைத்த வலையை நோக்கி விரட்டும். கண்ணாலும் மூக்காலும் சேர்ந்து வேட்டையாடும் இவை, மனிதன் சொல்லுக்குக் காத்திராமல் தாமே முடிவெடுப்பவை. ஆடு மேய்க்கும் நாயைப் போல முகம் பார்த்து நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். எலியைக் கண்டால் துரத்த வேண்டும் என்பதைக் குட்டிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. துரத்தலை நிறுத்தித் திரும்பி வருவதற்குத்தான் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்கள். ஓர் ஈத்தில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை இருக்கும். முதல் வாரத்தில் குட்டிகளால் தம் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. நம் நாடு வெப்பமானதுதான் என்றாலும், மழையிரவில் சிமெண்டுத் தரையில் படுத்த குட்டி குளிர்ந்து பால் குடிக்காமல் போய்விடும். ஈனும் பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஈனுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே தாயை அதில் படுக்கப் பழக்குங்கள். தொப்புளில் குடலிறக்கம் இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுவதால், ஒவ்வொரு குட்டியின் வயிற்றையும் தடவிப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு மருந்தை இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம்.

மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எதை இயல்பானது என்று கற்கிறதோ அது வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். வேலை நாய்க்கு இக்காலம் பொன்னானது. குலை ஏற்றும் லாரியின் இரைச்சல், புல்வெட்டும் இயந்திரம், மட்டைக் குவியலின் மேல் ஏறி இறங்குவது, ஆட்டின் வாடை, வெவ்வேறு வயது மனிதர்கள் என எல்லாவற்றையும் அச்சமின்றிச் சிறிது சிறிதாகக் காட்டுங்கள். தடுப்பூசி முழுமை பெறும் வரை, பிற நாய்கள் திரியும் இடங்களுக்குக் கூட்டிச்செல்லாமல் உங்கள் வளவுக்குள்ளேயே இதைச் செய்யலாம். எட்டு வாரத்துக்கு முன்னர் எந்தக் குட்டியையும் பிரிக்காதீர்கள். கடியை அளந்து கடிக்க அது கூடப்பிறந்தவற்றிடமிருந்தே கற்கிறது.

உணவு வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே சீழ்க்கையை ஒலியுங்கள். பிறகு நீண்ட கயிற்றில் விட்டு, அதே சீழ்க்கைக்குத் திரும்பி வரும்போதெல்லாம் இறைச்சித் துண்டு கொடுங்கள். அடித்தும் அதட்டியும் பழக்கினால் இந்த இனம் பிடிவாதமாக விலகிப்போகும். பத்து வாரம் ஆனதும் கழுத்துப்பட்டையில் சிறு மணி கட்டிப் பழக்கலாம். மூடுபயிர் அடர்ந்த இடத்தில் நாயைத் தேடும்போது அதன் அருமை தெரியும். கோழிகளைப் பொறுத்தவரை, குட்டியிலிருந்தே பழக்கினாலும் தனியே விட்டு நம்பாதீர்கள். இவை கம்பிவேலியில் ஏறித் தாண்டவும் வல்லவை. சாலையோரத்தில் வீடு இருந்தால் கூரையிட்ட கூண்டு தேவை. அக்கம்பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வாழ்வார்கள். அவர்கள் வாசலுக்கு நாய் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை, நல்லுறவுக்கும் அதுவே அடிப்படை.

சிறுதோட்டக்காரன்:

ஐயா, அக்கா, அண்ணன் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காட்டுப்பன்றி எண்ணத்தைக் கைவிட்டேன். பரிசோதனை முடிவுகள் வரும் வரை சேர்ப்பதையும் தள்ளிவைக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. என் பெட்டை நோயற்றதாகவும் ஜொகூர் ஆண் ஃபான்கோனி கடத்தியாகவும் இருந்தால் என்ன செய்வது? குட்டிகளைப் பிறருக்குக் கொடுப்பதற்கு உரிமம் ஏதும் வேண்டுமா?

குளுவாங் வளர்ப்பாளர்:

கடத்தி என்பதற்காக மட்டும் அந்த ஆணை ஒதுக்க வேண்டாம் தம்பி. நோயற்ற பெட்டையோடு சேரும்போது எந்தக் குட்டிக்கும் நோய் வராது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் கடத்திகளாக இருக்கும், அவ்வளவுதான். இந்த இனம் 1930-களிலும் அதன் பின்னரும் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியே கொண்டுவரப்பட்ட மிகச் சில நாய்களிலிருந்து பெருகியது. இரத்தக் கலப்பு குறுகிவிட்டதை உணர்ந்துதான் 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க வளர்ப்பாளர்கள் மீண்டும் காங்கோ சென்று புதிய நாய்களைக் கொண்டுவந்தார்கள். 1990-இல், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப்பும் அவற்றுக்காகத் தன் பதிவேட்டைத் திறந்தது. கடத்திகளையெல்லாம் கழித்துக்கட்டினால் எஞ்சும் நாய்கள் இன்னும் நெருங்கிய உறவினர்களாகிவிடும். ஆனால் ஒவ்வொரு குட்டிக்கும் பரிசோதனை செய்து, முடிவை எழுத்தில் கொடுத்து, கடத்திக் குட்டியைப் பரிசோதிக்காத நாயோடு சேர்ப்பதில்லை என்று வாங்குபவரிடம் ஒப்புதல் பெறுங்கள். அந்த ஆண் பாதிப்புள்ளது என்று முடிவு வந்தால் வேறு ஆணைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள்.

அந்த ஆண் எலியைக் கண்டால் எப்படி நடந்துகொள்கிறது என்றும் நேரில் போய்ப் பாருங்கள். வேலைக்காகக் குட்டி எடுப்பதென்றால், காட்சிக்கூடத்தில் வாங்கிய பரிசுகளைவிட அதுவே எனக்குப் பெரிது.

நாய் வளர்க்க உங்கள் பகுதி உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் தேவை. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வளர்க்கக்கூடிய எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கும் என்பதால், ஈத்து முழுவதையும் வைத்திருக்கப்போகும் அந்த இரண்டு மாதங்களைப் பற்றி முன்கூட்டியே அங்கே பேசிவிடுங்கள். குட்டிகளை விற்பதாக இருந்தால், விலங்கு நலச் சட்டம் 2015-இன்கீழ் உரிமம் பெறுவது பற்றி மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் விசாரியுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேளுங்கள். 2015-இல் வடமாநிலங்களில் அந்நோய் பரவிய பிறகு யாரும் அதை அலட்சியப்படுத்துவதற்கில்லை. முடிவுகள் வந்ததும் இங்கே பதிவிடுங்கள். சேர்க்கும் நாளைக் கணக்கிட உதவுகிறேன்.