அன்ரீட் ஃபில்டரில் படித்த மெயில்கள் வந்த கதை

படிக்காத (அன்ரீட்) மெயில்களை மட்டும் தேடினால் படித்தவையும் சேர்ந்து வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இதே தொல்லையை நானும் பட்டிருக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். ஈமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்குள், மு என்ற மெயில் தேடும் நிரலோடு வரும் மு4இ வைத்துத்தான் பல வருடங்களாக மெயில் பார்க்கிறேன். வேலையில் இரண்டே பேர் அனுப்புவதுதான் எனக்கு அவசரம் என்பதால், அவர்களிடமிருந்து வந்து இன்னும் படிக்காதவை மட்டும் தெரிகிற மாதிரி ஒரு புக்மார்க் (சேமித்துவைத்த தேடல்) போட்டேன். திறந்தால் போன வருடம் படித்து முடித்ததெல்லாம் வரிசையாக நிற்கிறது, நான் அனுப்பிய பதில்கள் உட்பட.

இண்டெக்ஸ், அதாவது மெயில்களைத் தேட மு வைத்திருக்கும் பட்டியல், கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, டேட்டாபேஸை அழித்து முதலிலிருந்து இண்டெக்ஸ் செய்தேன். அரை நாள் போனது, புக்மார்க்கில் வந்த மெயில்கள் அப்படியேதான் இருந்தன.

அப்புறம்தான் டெர்மினலில் அதே குவெரியை (தேடல் வரியை) மு-வின் தேடும் கட்டளையான மு ஃபைண்டுக்குக் கொடுத்துப் பார்த்தேன். அங்கேயும் ஒருவருடைய பழைய மெயில்கள் கொத்தாக வந்தன, இன்னொருவருடையது மட்டும் சரியாக வந்தது. அப்போதுதான் உறைத்தது: 'இவர் ஆர் (அல்லது) அவர் ஆண்ட் (மற்றும்) அன்ரீட்' என்ற பொருளில், குவெரியில் அடைப்புக்குறியே இல்லாமல் எழுதியிருந்தேன். ஆர் என்பதைவிட ஆண்ட் இறுக்கமாகப் பிடிக்கும், அதனால் அன்ரீட் என்ற நிபந்தனை இரண்டாமவருக்கு மட்டும் போய் ஒட்டிக்கொண்டது. ஆர் போட்ட பகுதியை அடைப்புக்குறிக்குள் வைத்ததும் டெர்மினலில் சரியாகப் 12 மெயில்.

ஆனால் ஈமாக்ஸில் இன்னும் 60க்கு மேல்! இந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டும். டெர்மினல் சரியாகச் சொன்னால் குவெரியில் தப்பில்லை, ஈமாக்ஸ் பக்கம் ஏதோ சேர்க்கிறது என்று அர்த்தம். சேர்ப்பது 'இன்க்ளூட் ரிலேட்டட்' என்ற அமைப்பு. தேடலில் சிக்கிய ஒவ்வொரு மெயிலின் உரையாடல் முழுவதையும், மற்றவை குவெரிக்குப் பொருந்தாவிட்டாலும், கூடவே இழுத்து வந்துவிடும், அதுவும் மு4இயில் முதலிலேயே ஆன் ஆகித்தான் இருக்கும். முதல் திரையில் புக்மார்க் பக்கத்தில் வரும் எண்ணிக்கையையும் உள்ளே வந்த பட்டியலையும் ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உரையாடலை முழுசாகப் படிக்க அது அருமையான வசதி, நான் இன்றும் அணைக்கவில்லை, வெறும் அன்ரீட் பார்க்கும்போது மட்டும் நிறுத்திக்கொள்கிறேன்.

உங்களுக்கு நேர்மாறாகப் பழைய மெயில் வராமல் போனால் முடிவுகளின் உச்சவரம்பைப் பாருங்கள், சும்மா விட்டால் அது 500. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள்குறி வேண்டும். மீதி எழுத்துகள் எதுவானாலும் சரி என்பதற்குப் போடும் நட்சத்திரக்குறியைச் சொல்லின் கடைசியில் போட்டால்தான் வேலை செய்யும், முன்னால் போட்டால் செய்யாது.

எதையும் அழித்து இண்டெக்ஸ் செய்வதற்கு முன்னால் தயவுசெய்து டெர்மினலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே என்ன வந்தது என்று குவெரியோடு சேர்த்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.